சொல்லுவோர் குறிப்பும் ஜப்பானிய இடைச்சொற்களும்

1. பொருளும் எல்லையும்

ஜப்பானிய மொழியில் பெயருக்கும் வினைக்கும் தொடருக்கும் பின்னே ஒட்டி நின்று, தனித்து வழங்கும் ஆற்றல் இல்லாமல், தாம் சார்ந்த சொற்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கருத்தை முற்றுவிக்கும் சிறுசொற்களை அம்மொழி இலக்கணத்தார் 'ஜொஷி' என்பர். துணைபுரியும் சொல் என்பது அதன் பொருள். தமிழ் மரபில் பெயரும் வினையும் தம் தொழிலைச் செய்ய உடனின்று உதவுவதும், தானாக இயங்கும் இயல்பு இல்லாததும் இடைச்சொல் எனப்படுவதால், 'ஜொஷி' என்பதனை இடைச்சொல் என்று கூறுவது பொருத்தமே ஆகும். இவ்விடைச்சொற்களுள் பொருள்களுக்கு இடையே உள்ள உறவைக் காட்டுவன ஒரு வகை, சொல்லுவோரின் நோக்கைக் காட்டுவன மற்றொரு வகை என்பதும், இவ்விரண்டையும் வேறுபிரித்து அறியாதவரை ஜப்பானியத் தொடரின் அமைப்பு விளங்காது என்பதும் இப்பொழிவு நிறுவ முயலும் கருத்துகள்.

எழுத்துப்பெயர்ப்புப் பற்றிய ஒரு குறிப்பு முதலில் தேவைப்படுகிறது. எழுவாயைக் குறிக்கும் இடைச்சொல் தோக்கியோவின் மரபான ஒலிப்பில் மூக்கொலியாகவே ஒலிக்கப்படுவதால், அது இங்கே 'ங' என்று எழுதப்படுகிறது. வினாப்பொருளில் வரும் இடைச்சொல் 'க' என்று எழுதப்படுகிறது. நாட்டின் பல பகுதிகளிலும் இளைய தலைமுறையினரிடத்தும் முன்னது மூக்கொலி இன்றியே ஒலிக்கிறது என்றாலும், இரண்டையும் குழப்பமின்றிப் பிரித்துக் காட்டத் தமிழ் எழுத்து இவ்வகையில் கைகொடுக்கிறது.

2. மூலைப் புள்ளிகளில் பிறந்த பெயர்

ஜப்பானியர் எழுத்தைச் சீனத்திலிருந்து பெற்றனர். ஆனால் சீன மொழியில் வேற்றுமை உருபு இல்லை, சொல்லின் வரிசையே உறவைக் காட்டும். ஆகவே சீன எழுத்தைக் கொண்டு தம் மொழியை எழுதப் புகுந்தோர்க்குப் பெயர்களும் வினைகளும் எளிதில் அகப்பட்டன, இடைச்சொற்களே எழுத்தில் அடங்காமல் நின்றன. எட்டாம் நூற்றாண்டின் அரசாணைகளில் பெயர்ச்சொற்களும் வினைப்பகுதிகளும் பெரிய எழுத்திலும், இடைச்சொற்களும் வினை ஈறுகளும் ஒலிக்குறியாக மட்டும் பயன்பட்ட சிறிய எழுத்திலும் பொறிக்கப்பட்டன. பெயரும் வினையும் ஒரு வகை, அவற்றைப் பிணைப்பன வேறொரு வகை என்னும் உணர்வு, இலக்கண நூல் எதுவும் தோன்றும் முன்னரே, எழுத்தின் அளவிலேயே இவ்வாறு வெளிப்பட்டுவிட்டது.

அதன்பின் வந்த ஹெயான் காலத்து அறிஞர் சீன நூல்களை ஜப்பானிய மொழியாக மாற்றிப் படிக்க வேறொரு முறையை வகுத்தனர். ஒவ்வொரு சீன எழுத்தையும் ஒரு சதுரமாகக் கொண்டு, அதன் மூலையிலோ பக்கத்திலோ ஒரு புள்ளி இட்டால், அவ்விடம் எதுவோ அதற்கேற்ற இடைச்சொல்லைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அம்முறை. அரசவைக் கல்வியாளர் குடும்பங்கள் கையாண்ட வழக்கில் இடப்புறக் கீழ்மூலைப் புள்ளி 'தெ', இடப்புற மேல்மூலை 'நி', வலப்புற மேல்மூலை 'வொ' (இன்றைய 'ஒ'), வலப்புறக் கீழ்மூலை 'ஹ' என்று அமைந்தது. வரலாற்றெழுத்தில் 'ஹ' எனப்பட்டதே இன்று 'வ' என ஒலிக்கும் இடைச்சொல். இந்நான்கையும் வலஞ்சுழியாகச் சேர்த்துப் படித்ததால் பிறந்த 'தெனிவொஹ' என்பதே பல நூற்றாண்டுகளாக இடைச்சொற்களுக்குப் பொதுப்பெயராக நின்றது. ஒருவரது பேச்சு முன்பின் பொருந்தாமல் இருக்குமானால் அவருடைய 'தெனிவொஹ' பொருந்தவில்லை என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு.

1946இல் எழுத்துமுறை ஒலிப்புக்கு இசையத் திருத்தப்பட்டபோது, ஏறத்தாழ எல்லாச் சொற்களும் புதிய முறைக்கு மாற, 'வ', 'எ', 'ஒ' ஆகிய மூன்று இடைச்சொற்கள் மட்டும் தம் பழைய எழுத்திலேயே விடப்பட்டன. 'ஹ' என்று எழுதி 'வ' என்றும், 'ஹெ' என்று எழுதி 'எ' என்றும் படிக்கும் வழக்கம் இதனால் நிலைத்தது. தொடரில் எங்கே ஒரு சொல் முடிந்து இடைச்சொல் தொடங்குகிறது என்பதைக் கண்ணுக்கு உடனே காட்டிவிடுவதால், சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதப்படும் அம்மொழியில் இப்பழமை பயனுடையதாகவே விளங்குகிறது.

3. உறவைக் காட்டும் இடைச்சொற்கள்

முதல் வகையைச் சார்ந்தவை வேற்றுமை இடைச்சொற்கள். 'ங' எழுவாயையும், 'ஒ' செயப்படுபொருளையும், 'நி' சேரும் இடத்தையும் பெறுவோரையும், 'எ' திசையையும், 'டெ' செயல் நிகழும் இடத்தையும் கருவியையும், 'கர' நீக்கத்தையும், 'மடெ' எல்லையையும், 'நொ' உடைமையையும் காட்டும். இவை யாவும் பெயருக்குப் பின்னே வருவதாலும், வினை தொடரின் இறுதியில் நிற்பதாலும் தமிழ் அறிந்தோர்க்கு இவ்வமைப்பு இயல்பானதாகத் தோன்றும். ஆற்றைக் கடத்தல், வழியை நடத்தல், வீட்டை நீங்குதல் ஆகிய பொருள்களில் ஜப்பானியம் 'ஒ' என்பதனையே பயன்படுத்துவதைக் காணும்போது, 'ஆற்றைக் கடந்தான்', 'ஊரை விட்டு நீங்கினான்' என்று இரண்டாம் வேற்றுமை கொண்டு கூறும் தமிழ் வழக்கு நினைவுக்கு வரும்.

எனினும் ஒற்றுமை எல்லா இடத்தும் நீள்வதில்லை. தோக்கியோவில் வாழ்தலும் தோக்கியோவில் வேலைசெய்தலும் தமிழில் 'இல்' என்னும் ஒரே உருபால் கூறப்பட, ஜப்பானியத்தில் முன்னதற்கு 'நி', பின்னதற்கு 'டெ' வேண்டும். ஒரு பொருள் ஓரிடத்தில் இருத்தலையும், ஒரு செயல் ஓரிடத்தில் நிகழ்தலையும் அம்மொழி வெவ்வேறாகக் கருதுகிறது. திசை காட்டும் இடைச்சொல்லிலோ வட்டார வேறுபாடே பழமொழியாகியுள்ளது. கியோத்தோவார் 'எ' என்பர், கியூஷூவார் 'நி' என்பர், கிழக்கு நாட்டார் 'ச' என்பர் எனக் கூறும் இடைக்கால வழக்குமொழி ஒன்று உண்டு. வடகிழக்குப் பகுதியான தொஹொக்குவின் பேச்சில் 'ச' இன்றளவும் வழங்குகிறது.

வேற்றுமை இடைச்சொல் வெறும் உறவைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறதா என்பது ஆராயத்தக்கது. 'குழந்தையைப் போகச் செய்தல்' என்னும் பொருளில் குழந்தைக்குப் பின் 'ஒ' வந்தால் அனுப்புவோரின் விருப்பமே மேலோங்கி நிற்கும். 'நி' வந்தால் குழந்தையின் விருப்பத்திற்கும் இடம் கிடைத்து, போகவிடுதல் என்னும் பொருள் தோன்றும். நிகழ்ச்சி ஒன்றே ஆயினும் அதனைச் சொல்லுவோர் எவ்வாறு நோக்குகிறார் என்பது உருபின் தேர்விலேயே வெளிப்படுவதால், முதல் வகைக்கும் இரண்டாம் வகைக்கும் இடையே உள்ள எல்லை சில இடங்களில் நெகிழ்ந்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

4. இலக்கணத்தார் கண்ட வேறுபாடு

இடைச்சொல் பற்றிய ஆழ்ந்த சிந்தனை பதினெட்டாம் நூற்றாண்டில் பழஞ்செய்யுள் ஆராய்ச்சியின் வழியே மலர்ந்தது. பழைய ஜப்பானியத்தில் 'ஸொ', 'நமு', 'ய', 'க' ஆகியவற்றுள் ஒன்று தொடரின் இடையே வந்தால் இறுதி வினை வழக்கமான முற்று வடிவை விட்டுப் பெயர் தழுவும் எச்ச வடிவில் முடியும். 'கொசொ' வந்தாலோ வேறொரு வடிவில் முடியும். இடையே நிற்கும் சொல் இறுதியில் நிற்கும் வினையைக் கட்டுப்படுத்தும் இவ்விதி 'ககரி முசுபி' எனப்படும். சார்தலும் முடிச்சும் என்பது அதன் கருத்து. மொத்தோரி நொரினாக 1771இல் இவ்விதியை ஒரே தாளில் அட்டவணையாக்கி வெளியிட்டார். பின்னர் 1785இல் அச்சான 'கொத்தொப நொ தமா நொ ஒ' என்னும் நூலில் ஏராளமான செய்யுட் சான்றுகளால் அதனை நிறுவினார். சொற்கள் மணிகள் என்றும், 'தெனிவொஹ' அவற்றைக் கோக்கும் சரடு என்றும் கொண்டு அவர் தம் நூலுக்குப் பெயரிட்டார்.

அவருடைய அட்டவணையில் இன்றைய ஆய்வுக்கும் ஒளிதரும் ஒரு செய்தி உண்டு. 'வ', 'மொ' ஆகிய இரண்டும் வினையின் வடிவை மாற்றுவதில்லை. ஆயினும் நொரினாக அவற்றை விலக்கிவிடாமல், வழக்கமான முற்றோடு முடியும் முதல் வரிசையில் வைத்தார். வடிவ மாற்றம் இல்லாவிடினும் இவையும் தொடரின் முடிவோடு பிணைப்புடையவை என்னும் கருத்துக்கு இவ்வரிசை வழிவகுத்தது.

அதே காலத்தில் கியோத்தோவில் வாழ்ந்த ஃபுஜித்தானி நரியாக்கிரா சொற்களைப் பெயர், ஆடை, தலையணி, கால்கட்டு எனப் பகுத்து, இடைச்சொற்களைக் கால்கட்டின் பாற்படுத்தினார். 1778இல் வெளிவந்த 'அயுயிஷோ' அவற்றுக்கே உரிய நூல். அடுத்த தலைமுறையில் சுஸுக்கி அக்கிரா 1824இல் வெளிவந்த தம் நூலில், பிற சொற்கள் பொருளைச் சுட்டுவன என்றும், 'தெனிவொஹ' ஒன்று மட்டும் பொருளைச் சுட்டாமல் உள்ளத்தின் குரலாக நிற்பது என்றும் கூறினார். இருபதாம் நூற்றாண்டில் தொக்கியேதா மொத்தோகி 1941இல் வெளியிட்ட மொழியியற் கோட்பாட்டு நூலில் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டு, பொருளைக் கருத்துருவாக்கிக் கூறும் சொற்கள் ஒருபுறம், பேசுவோரின் மனநிலையை நேரே வெளியிடும் சொற்கள் மறுபுறம் என மொழி முழுவதையும் இரண்டாகப் பகுத்தார்.

தொல்காப்பியர் இடைச்சொற்களை ஏழு வகையாகக் கூறும்போது வேற்றுமை உருபுகளை ஒரு வகையாகவும், தத்தம் குறிப்பால் பொருள் தருவனவற்றை வேறொரு வகையாகவும் வைத்ததை இங்கே நினைத்தல் தகும். ஏ, ஓ, உம் முதலியன சொல்லுவோரின் குறிப்பைச் சார்ந்து தேற்றமாகவும் வினாவாகவும் எச்சமாகவும் பொருள்படும். ஜப்பானிய அறிஞர் உள்ளத்தின் குரல் என்று கூறியதும், தமிழ் மரபு குறிப்பு என்று கூறியதும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தை வந்தடைந்தன.

5. 'வ' என்பதன் ஆட்சி

நாகசாக்கியில் 1604 முதல் 1608 வரை அச்சிடப்பட்ட ஜப்பானிய இலக்கணத்தில் போர்த்துகீசியப் பாதிரியார் ஜுவாவ் ரொத்ரீகஸ், இலத்தீன் வேற்றுமைகளின் சட்டகத்தைக் கொண்டு இம்மொழியை விளக்க முயன்றார். அவ்வாறு முயன்றபோது எழுவாய் வேற்றுமை ஒன்றுக்கே பல இடைச்சொற்களைக் காட்ட வேண்டியதாயிற்று. 'வ', 'ங' இரண்டும் எழுவாய்க்கு உரியன எனக் கொள்ளும் இந்நிலை பிற்காலப் பாடநூல்களிலும் தொடர்ந்ததால், பயில்வோர் இரண்டனுள் எதனைப் பயன்படுத்துவது என்று தடுமாறுகின்றனர். உண்மையில் 'ங' வேற்றுமை உருபு. 'வ' வேற்றுமை உருபே அன்று.

1908இல் வெளிவந்த தம் பெருநூலில் இலக்கண அறிஞர் யமாதா யொஷியோ 'வ', 'மொ' ஆகியவற்றை வேற்றுமை இடைச்சொற்களினின்று பிரித்து, தொடரின் இறுதியைச் சாரும் இடைச்சொற்களோடு சேர்த்தார். இவ்வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். 'அனெ ங கயெத்த தொக்கி, டென்கி ஒ ட்சுக்கெத' என்னும் தொடரில் 'அனெ' என்பது தமக்கை; 'கயெத்த தொக்கி' திரும்பியபோது; 'டென்கி ஒ ட்சுக்கெத' விளக்கை ஏற்றுதல் நிகழ்ந்தது. இங்கே தமக்கை திரும்பியபோது விளக்கை ஏற்றியவர் வேறொருவர், பெரும்பாலும் பேசுபவரே. 'ங' என்பதை மாற்றி 'அனெ வ கயெத்த தொக்கி, டென்கி ஒ ட்சுக்கெத' என்றால், திரும்பிய தமக்கையே விளக்கை ஏற்றினாள் என்று பொருள் மாறிவிடும். 'ங' தனக்கு அடுத்துள்ள 'திரும்பிய' என்னும் வினையோடு தன் ஆட்சியை முடித்துக்கொள்ள, 'வ' துணைத்தொடரைத் தாண்டிச் சென்று இறுதி வினையைப் பற்றுகிறது. வேறொரு சொல்லும் மாறாமல், ஓரெழுத்து மாறிய அளவில் வினைமுதல் மாறுவது அதன் ஆட்சி எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும். ககரி முசுபி பேச்சிலிருந்து இடைக்காலத்திலேயே மறைந்துவிட்டது. அவ்விதி உணர்த்திய நெடும்பிணைப்போ 'வ' என்பதில் இன்றும் உயிரோடு இருக்கிறது.

1960இல் இலக்கண அறிஞர் மிக்காமி அக்கிரா வெளியிட்ட நூலின் பெயரே ஒரு தொடராக அமைந்தது: 'ஸோ வ ஹன ங நகய்'. யானைக்கு மூக்கு நீளம் என்பது கருத்து. இத்தொடரில் எழுவாய் யானையா, மூக்கா என்னும் கேள்வி பலரை வருத்தியது. மிக்காமியோ எழுவாய் என்னும் கருத்தே ஜப்பானியத்திற்குத் தேவையற்றது என்று வாதிட்டார். அவர் விளக்கப்படி 'ஸோ வ' என்பது யானையைப் பேச்சின் பொருளாக முன்வைக்கிறது; அதனைப் பற்றிய செய்தியாக 'மூக்கு நீளம்' என்பது பின்னே வருகிறது. தமிழ் இங்கே நான்காம் வேற்றுமையால் கூறுவதை ஜப்பானியம் 'வ' என்னும் முன்வைப்பால் கூறுகிறது. உணவகத்தில் ஒருவர் 'பொக்கு வ உனகி ட' என்பார்; சொல்லுக்குச் சொல் நோக்கினால் 'நான் விலாங்கு மீன்' என்றாகும். பேசுவோர் தம்மைப் பேச்சுப்பொருளாக முன்வைத்து, தமக்கு வேண்டியது விலாங்கு என்று கூறுகிறார் என உணர்ந்தால் அதில் பிழை எதுவும் இல்லை. 'எனக்குத் தோசை' என்று கூறும் தமிழர்க்கு இவ்விளக்கம் உடனே பிடிபடும்.

இனி, எதனை முன்வைக்கலாம் என்பது கேட்போரின் அறிவைப் பொறுத்தது. மொழியியலாளர் ஓனோ சுசுமு 'வ' அறிந்ததையும் 'ங' அறியாததையும் ஏற்கும் என்று விளக்கினார். குழிப்பேரிப் பழத்திலிருந்து பிறந்த சிறுவனைப் பற்றிய மொமோதாரோ கதையின் தொடக்கத்தில், ஓர் ஊரில் ஒரு கிழவரும் கிழவியும் இருந்தனர் என்னுமிடத்தில் அவர்கள் கேட்போர்க்குப் புதியவர்கள் ஆதலால் 'ங' வரும். அடுத்த தொடரில் கிழவர் மலைக்கும் கிழவி ஆற்றுக்கும் சென்றனர் என்னும்போது, அறிமுகமான அவர்களுக்கு 'வ' வரும். அந்த இரண்டாம் தொடரிலேயே 'வ' என்பதன் மற்றொரு பொருளான வேறுபடுத்தலும் தோன்றுகிறது: கிழவர் மலைக்கு, கிழவியோ ஆற்றுக்கு. 'அண்ணன் வந்தான், தம்பியோ வரவில்லை' என்னும் தமிழ்த் தொடரின் ஓகாரம் செய்யும் பணியை இங்கே 'வ' செய்கிறது.

எதிர்மறையில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையடையும். 'அனைவரும்' என்னும் பொருளுடைய சொல்லுக்குப் பின் 'ங' வந்து 'வரவில்லை' என்று முடிந்தால் ஒருவரும் வரவில்லை என்று பொருள். 'வ' வந்தால் அனைவரும் வரவில்லை, சிலரே வந்தனர் என்று பொருள்கொள்வது வழக்கம். தமிழில் முற்றும்மை எதிர்மறையோடு சேரும்போது எச்சப்பொருளும் தரும் என்று இலக்கணிகள் வகுத்த விதியை அறிந்தோர், தமிழ் ஒரே வடிவில் அடக்கிய இரு பொருள்களை ஜப்பானியம் இரண்டு இடைச்சொற்களுக்குப் பகிர்ந்தளிப்பதைக் காண்பர்.

6. 'மொ', 'க': உம்மையும் ஓகாரமும்

'வ' என்பதற்குத் தமிழில் நேரான இணை இல்லை. 'மொ' என்பதற்கு உண்டு. தொல்காப்பிய இடையியல் உம்மைக்குக் கூறும் பொருள்களுள் எச்சம், எண், முற்று, சிறப்பு ஆகிய நான்கும் 'மொ' என்பதில் தெளிவாகக் காணப்படுகின்றன. அவரும் வந்தார் என்னும் எச்சமும், இதுவும் அதுவும் என்னும் எண்ணும் எளிதில் விளங்கும். சிறப்புக்கு ஒரு பழமொழி போதும்: 'சரு மொ கி கர ஒச்சிரு', அதாவது குரங்கும் மரத்திலிருந்து விழும். மரமேறுவதில் வல்ல குரங்குக்கே அந்நிலை என்னும் உயர்வு 'மொ' என்பதால் வெளிப்படுகிறது; 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்னும் தமிழ்ப் பழமொழியிலும் அதே கருத்தை அதே உம்மை தாங்குகிறது.

வினாச்சொற்களோடு சேரும்போது இணைப்பு இன்னும் ஒழுங்காக அமைகிறது. 'தரெ' என்பது யார். 'தரெமொ' எதிர்மறைத் தொடரில் யாரும், 'தரெக' யாரோ. 'இட்சு' என்பது எப்போது. 'இட்சுமொ' எப்போதும், 'இட்சுக' எப்போதோ. 'தொக்கொ' என்பது எங்கு, 'தொக்கொக' எங்கோ. வினாச்சொல்லோடு உம்மை சேர்ந்தால் முற்றும், ஓகாரம் சேர்ந்தால் ஐயமும் பிறக்கும் தமிழ் வழக்கு ஜப்பானியத்தில் 'மொ', 'க' என்னும் இரண்டாலும் அப்படியே நிகழ்கிறது.

இத்தகைய ஒப்புமைகளே ஓனோ சுசுமுவைத் தமிழின்பால் ஈர்த்தவற்றுள் அடங்கும். 1980 அளவில் தொடங்கி அவர் சொற்களிலும் இடைச்சொற்களிலும் யாப்பிலும் தமிழுக்கும் ஜப்பானியத்திற்கும் தொடர்பு தேடினார். அவர் கோட்பாட்டை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஒலியொப்புமைகளின் ஒழுங்கும் சான்றுகளைத் தேர்ந்த முறையும் கடுமையாக விமரிசிக்கப்பட்டன. வினை இறுதியில் வரும் ஒட்டுநிலை மொழிகள் பலவற்றிலும் இத்தகைய இடைச்சொற்கள் தாமாகத் தோன்றக்கூடும் ஆதலால், அமைப்பின் ஒற்றுமை பிறப்பின் ஒற்றுமைக்குச் சான்றாகாது. ஆயினும் ஒருமொழியின் இடைச்சொற்களைப் பிறிதொன்றின் துணையால் விளங்கிக்கொள்ள உறவுமுறை தேவையில்லை என்பதால், அமைப்பொப்புமை கல்விக்குத் தரும் பயன் குறைவதில்லை.

7. கேட்போரை நோக்கிய ஈறுகள்

தொடரின் இறுதியில் வரும் 'நெ', 'யொ' ஆகியன நிகழ்ச்சியைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. பேசுவோருக்கும் கேட்போருக்கும் இடையே உள்ள அறிவின் நிலையை மட்டுமே கூறுகின்றன. நல்ல வானிலை என்பதை இருவரும் காணும்போது ஒருவர் 'நெ' சேர்த்துக் கூறி உடன்பாட்டை நாடுவார். கேட்போர் அறியாததை அறிவிக்கும்போது 'யொ' சேர்ப்பார். கேட்போரே நன்கறிந்த செய்தியை 'யொ' சேர்த்துக் கூறுவது உரிமை மீறலாகத் தோன்றக்கூடும். செய்தி எவருடைய எல்லைக்குள் அடங்கும் என்பதே இத்தேர்வை முடிவுசெய்கிறது எனக் காட்டிய கமியோ அக்கியோவின் கோட்பாடு 1990இல் நூலாக வெளிவந்தது. சுஸுக்கி அக்கிரா கூறிய உள்ளத்தின் குரல், இங்கே கேட்போரின் உள்ளத்தையும் கணக்கிற் கொள்ளும் குரலாக விரிந்திருப்பதை உணரலாம்.

8. நிறைவுரை

இதுவரை கூறியவற்றால் பயிற்றுமுறைக்குச் சில முடிவுகள் கிடைக்கின்றன. 'ஒ', 'கர', 'மடெ' போன்ற வேற்றுமை இடைச்சொற்களைத் தனித்தொடர்களைக் கொண்டே கற்பிக்கலாம். இணையான உருபுகளைக் காட்டி, 'நி', 'டெ' போல மாறுபடும் இடங்களை எச்சரித்தால் போதும். 'வ' என்பதனையோ தனித்தொடரைக் கொண்டு கற்பிக்க இயலாது. முன்னே என்ன பேசப்பட்டது, கேட்போர் எதனை அறிவார், தொடர் எங்கே முடிகிறது ஆகிய மூன்றையும் காட்டும் தொடர்ச்சியான உரைப்பகுதியே அதற்குப் பாடமாக வேண்டும். 'வ', 'ங' இரண்டையும் எழுவாய் உருபுகள் என்று ஒரே பட்டியலில் வைக்கும் பாடநூல், முதற்பாடத்திலேயே மாணவரை வழிதவறச் செய்கிறது.

தமிழ் மாணவர்க்கு ஜப்பானிய இலக்கணம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேர்கிறது. ஆங்கிலத்திலோ பெயருக்குப் பின் ஒட்டும் உருபுகள் பெரும்பாலும் இல்லை, உம்மையும் ஓகாரமும் இல்லை. வேற்றுமையியலும் இடையியலும் கற்ற ஒருவர் 'ங', 'ஒ' முதலியவற்றை உருபுகளாகவும், 'வ', 'மொ', 'க' முதலியவற்றைக் குறிப்பால் பொருள் தருவனவாகவும் முதலிலேயே பிரித்துக் காண வல்லவர்; யமாதா யொஷியோ 1908இல் வலியுறுத்திய பகுப்பு அவருக்குப் புதிதாகவே இராது. ஆகவே ஜப்பானியத்தைத் தமிழர்க்குக் கற்பிக்கும் இலக்கணம் தமிழ் இடையியலின் கலைச்சொற்களைக் கொண்டே எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதப்படுமாயின் ஜப்பானியம் எளிதில் விளங்குவதோடு, செய்யுளுக்கு உரை காண்பதற்கு மட்டுமே பயன்படுவதாகப் பலர் கருதிவரும் இடையியல், அயல்மொழி ஒன்றின் உள்ளமைப்பை விளக்கவல்ல உயிருள்ள கருவி என்பதும் நிறுவப்படும்.